எள்ளும் தலைவனும் உடன்வரும் தோழரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ, இளங்கோவடிகளைப் பற்றியோ, பாரதியாரைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் பிள்ளைகள் கணினித் திரையில் ஆடும் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. அதில் வரும் தலைவன் எதற்கும் எள்ளலாகவே விடை கூறுபவனாக இருந்தால், அவனோடு வரும் தோழர்கள் அதை எவ்வாறு ஏற்கிறார்கள்? இதுவே என் பொருள். "தமிழ்ச் சங்கத்து மேடையில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். பேச்சு முடியும்போது நாம் வந்து நிற்கும் இடம் நம் வீட்டுக் கூடமாகத்தான் இருக்கும்.

நாம் வாழும் இந்த மகர்பட்டாவை எண்ணிப் பாருங்கள். ஹடப்சர்ப் பக்கத்தில் கரும்பு விளைந்த நிலம் இது. நூற்றுக்கு மேற்பட்ட மராத்தி உழவர் குடும்பங்கள் தம் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகாமல் ஒன்று சேர்த்தன. ஏறத்தாழ 400 ஏக்கரில் தாமே ஒரு நகரம் அமைக்க முன்வந்தன. 2000ஆம் ஆண்டையொட்டிக் கட்டுமானம் தொடங்கியது. ஏர் நடந்த மண்ணில் இன்று கணினி அலுவலகங்கள் நிற்கின்றன. நம்மிற் பலர் ஊரை விட்டு இங்கு வந்ததே அந்தக் கணினியை நம்பித்தான். பெற்றோர்க்குச் சோறு போடும் கருவி பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழனாயிற்று. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. விளையாட்டை ஆடுவது மட்டுமன்று, ஆக்குவதும் இந்தப் புனே நகரில் நடக்கிறது. 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்னும் புனே நிறுவனத்தார் 2020ஆம் ஆண்டில் 'ராஜி' என்ற விளையாட்டை வெளியிட்டனர். அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிப் புறப்படும் கூத்தாடிப் பெண்ணின் கதை அது. துர்க்கையும் திருமாலும் தமக்குள் உரையாடிக்கொண்டே அக்கதையைச் சொல்லிச் செல்கிறார்கள். தலைவியின் செயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் இரண்டு. அவற்றின் வழியே நாம் அவளை அறிகிறோம். இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் சொல்ல வந்த விளையாட்டு வகைக்கு வருகிறேன். அதனை வேடமேற்று ஆடும் விளையாட்டு எனலாம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் வீரராகவும், ஒருவர் மந்திரவாதியாகவும், ஒருவர் பாணராகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, வாயால் பேசியும் காயுருட்டியும் ஒரு கதையை நடத்திச் செல்வர். பின்னாளில் கணினி வந்தது, மேசை திரையாயிற்று, நண்பர்களின் இடத்தில் கதை மாந்தர் வந்து அமர்ந்தனர். தலைவனை நாம் இயக்குகிறோம். தோழர்களைக் கணினி இயக்குகிறது. தலைவன் பேச வேண்டிய இடத்தில் மூன்று நான்கு விடைகள் திரையில் தோன்றும். ஒன்றை நாம் தேர்கிறோம். தோழர்கள் அதைக் கேட்கிறார்கள், மகிழ்கிறார்கள், சினக்கிறார்கள், மறவாமல் வைத்திருக்கிறார்கள்.

அறிவுரையோ சண்டையோ நமக்குப் புதியன அல்ல. எள்ளலும் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லும்போது எள்ளலை அந்நான்கனுள் முதலில் வைத்தார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுவதும் ஆகும், பிறர் தன்னை எள்ளுவதும் ஆகும் என உரை வகுத்தனர். செய்யுளியலில் அங்கதம் என்று ஒன்று கூறி, வெளிப்படையாய் வசை கூறுவதும், வசையை மறைத்துக் கூறுவதும் என அதனை இரண்டாகப் பகுத்தார். அணி நூலார் வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணியே கண்டனர். கேலி, கிண்டல், நையாண்டி, நக்கல், குத்தல், ஏளனம் என்று எத்தனை சொற்கள் நம்மிடம்! ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரம். கோவைப் பக்கத்து நக்கல் தஞ்சைப் பக்கத்துக் குத்தலுக்கு ஈடாகுமா என்று வழக்காடினால் இந்த விழா இன்று முடியாது.

நாம் குடியேறிய ஊரும் இத்துறையில் இளைத்ததன்று. புனே நகரின் பழைய பேட்டைகளில், சதாசிவப் பேட்டையிலும் நாராயணப் பேட்டையிலும், வீட்டு வாயிலிலும் கடை முகப்பிலும் தொங்கும் அறிவிப்புப் பலகைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். 'புணேரி பாட்யா' என்று மராத்தியர் அவற்றைப் பெருமையோடு சொல்லிச் சிரிப்பர். அழைப்பு மணியை ஓயாமல் அடிப்பவர்க்கும், வாயிலை மறித்து வண்டி நிறுத்துபவர்க்கும், பகல் உறக்க நேரத்தில் கடைக் கதவைத் தட்டுபவர்க்கும் இரண்டே வரியில் குத்தலான விடை அங்கே எழுதியிருக்கும். மராத்தி நகைச்சுவையின் மன்னர் பு. ல. தேஷ்பாண்டே (1919–2000), புனேக்காரராக விரும்புபவர் என்னென்ன பழக வேண்டும் என்று எழுதியும் பேசியும் மகாராஷ்டிரம் முழுவதையும் சிரிக்க வைத்தார். அவரைச் சிரித்துக் கொண்டாடியவர்களுள் புனேக்காரர்களும் உண்டு. ஏன்? அந்தப் பலகை யாரையும் பெயர் சுட்டுவதில்லை. எல்லார்க்கும் பொதுவாக நிற்கிறது. படித்தவன் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். அயலானுக்கு என்று விட்டுவிட்டும் போகலாம். ஆனால் முகத்தெதிரே ஒருவனைப் பார்த்துச் சொல்லும் எள்ளலுக்கு அந்த வசதி இல்லை. அது சொன்னவனை விட்டுப் புறப்பட்டுக் கேட்டவனிடம் போய்ச் சேர்ந்தே தீரும்.

சேர்ந்தபின் என்ன ஆகிறது? இதைக் கணக்கிட்டுக் காட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. கனடா நாட்டு எட்மன்டன் நகரின் பயோவேர் நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிராகன் ஏஜ் 2' என்பது அது. பெற்றோர்க்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: குருதியும் கொடுமையும் மிகுந்த கதையாதலால் அமெரிக்கத் தரப் பகுப்பில் 17 வயது நிரம்பியோர்க்கே அது உரியது. சிறுவர்க்கு வாங்கித் தரத் தக்கதன்று. ஆனால் அதன் கதை நம்போன்றோர் நெஞ்சைத் தொடும் கதை. அதன் தலைவனும் ஊரை விட்டு வந்தவன்!

ஹாக் என்பது அத்தலைவன் பெயர். ஆடுபவர் விருப்பப்படி தலைவியாகவும் கொள்ளலாம். லோதரிங் என்ற சிற்றூரில் வாழ்ந்த குடும்பம் அரக்கர் படையெடுப்புக்கு அஞ்சித் தாயும் மக்களுமாகக் கடல் கடந்து கிர்க்வால் என்ற நகரை அடைகிறது. வழியிலேயே உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் மாண்டு போகிறார். அயலூரில் சிற்றப்பன் பெரியப்பன் துணையில்லை; தாய்மாமன் வீட்டில் இடுக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். அங்கே ஹாக்குக்கு வாய்க்கும் தோழரும் பெரும்பாலும் வந்தேறிகளே. கணவனைப் பறிகொடுத்து அதே வழியில் ஓடி வந்த வீராங்கனை ஏவலின். கப்பலை இழந்த கடற்கொள்ளைக்காரி இசபெலா. தன் குலத்தாரை விட்டு வந்த மந்திரப்பெண் மெரில். அடிமைத்தளையை அறுத்துத் தப்பி வந்த ஃபென்ரிஸ். இவர்களோடு, ஊர்க் கதையெல்லாம் நாவில் வைத்திருக்கும் குள்ளன் வாரிக். மதுக்கடை மாடியில் சீட்டாடிக்கொண்டு பொழுது போக்கும் இந்தக் கூட்டத்தை ஒரு காலனி என்றே சொல்லலாம்.

ஹாக் பேசும் இடங்களில் விடைகளுக்கு அருகே சிறு சின்னங்கள் தோன்றும். இன்சொல்லுக்கு ஒலிவக் கிளை; வன்சொல்லுக்கு மடக்கிய கை; எள்ளலுக்கு நாடக முகமூடி. எள்ளலுக்கு முகமூடியைச் சின்னமாக வைத்தவர் பொருளறிந்தே வைத்திருக்கிறார். அதன் பொருளைப் பின்னர்ச் சொல்கிறேன். நாம் எந்தச் சின்னத்தை அடிக்கடி தேர்கிறோம் என்பதைக் கணினி எண்ணிக்கொண்டே வருகிறது. முகமூடியையே மீண்டும் மீண்டும் தொட்டுக்கொண்டிருந்தால், பிறகு நாம் தேராத இடங்களிலும், ஹாக் தானாகவே வாய் திறக்கும் இடங்களிலும், எள்ளலே வெளிப்படுகிறது! முதலில் நாம் சொல்லைத் தேர்ந்தோம். பிறகு அந்தச் சொல் நம் குணமாகிவிட்டது. பழக்கம் குணமாவதைப் பற்றி நம் முன்னோர் பாடிய அறமெல்லாம் இங்கே ஒரு கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

தோழர்களின் மனத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. நடுவிலிருந்து ஒரு பக்கம் நட்பு 100 வரை; மறுபக்கம் முரண் 100 வரை. ஒரே சொல் ஒருவரை நட்பின் பக்கம் நகர்த்தும். அதே சொல் மற்றொருவரை முரணின் பக்கம் தள்ளும். இசபெலா எள்ளலை விரும்புபவள். அவளே எள்ளலில் தேர்ந்தவள். ஹாக் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். மெரிலோ வெள்ளை உள்ளத்தவள், இருபொருள்படப் பேசினால் விளங்காமல் விழிப்பாள், எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், "நான் எதையோ தவறவிட்டேனா?" என்று கேட்பாள். ஃபென்ரிஸ் உடலிலேயே அடிமைத்தனத்தின் தழும்புகளைச் சுமப்பவன். அவன்முன் அடிமைத்தனத்தை நகைப்பொருளாக்குபவன் நட்பை எதிர்பார்க்க முடியுமா? உயிர்பிழைத்த உடன்பிறப்பு கார்வர் என்னும் தம்பியாக இருந்தால், அவனுக்குத் தமையனின் நிழலே ஒரு சிறை. தமையன் சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவன் காதில் அது தன்னைக் குறைத்துப் பேசியதாகவே விழும்.

பாருங்கள் தோழர்களே! நால்வர் நான்கு விதமாக ஏற்கிறார்கள். எள்ளியவன் ஒருவன்தான், சொல்லும் ஒன்றுதான். 'என் பேச்சு வேடிக்கையாகத்தான் இருந்தது' என்று சொல்பவன் தன்னைப் பற்றி மட்டுமே பேசுகிறான். அது வேடிக்கையா அன்றா என்று தீர்ப்புக் கூறும் உரிமை கேட்டவரிடம் இருக்கிறது. விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பம் தருவது என்று வள்ளுவர் பண்புடைமையில் சொன்னதும் இதைத்தானே?

இவ்விளையாட்டில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடங்கள் மூன்று உண்டு.

ஒன்று, ஏவலினும் இசபெலாவும். ஒருத்தி நகரக் காவற்படைத் தலைவி. மற்றொருத்தி சட்டத்துக்கு அடங்காத கொள்ளைக்காரி. நடக்கும் வழியெல்லாம் ஒருவரையொருவர் குத்திப் பேசுகிறார்கள். தொடக்கத்தில் அது பகைபோலவே தோன்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே குத்தல் பேச்சு அவர்களுடைய நட்பின் மொழியாகிவிடுகிறது. காரணம் என்ன? இருவரும் ஒத்த வலிமையினர். அடித்தவள் அடி வாங்கவும் அணியமாய் இருந்தாள். எள்ளியவளை எள்ளும் உரிமை மற்றவளுக்கு இருந்தது. எள்ளல் ஒருவழிச் சாலையாகாமல் இருவழிச் சாலையாக இருந்தது.

இரண்டாவது, இசபெலாவின் பிரிவு. கதையின் நடுவில் அவள் ஓர் அரிய நூலை எடுத்துக்கொண்டு ஹாக்கை நட்டாற்றில் விட்டுப் போய்விடுகிறாள். ஊர் தீப்பற்றி எரியும் நேரத்தில் அவள் திரும்பி வருவாளா? நட்பு மிகுந்திருந்தால் வருகிறாள். முரண் மிகுந்திருந்தாலும் வருகிறாள்! இரண்டுமின்றி அளவுகோலின் நடுவிலேயே நின்றிருந்தால் வருவதில்லை. இதைக் கண்டு நான் வியந்தேன். முரண்பட்டவன் திரும்பி வருகிறான். ஏனெனில் அவனோடு நாம் உண்மையாகப் பேசியிருக்கிறோம். எதற்கும் ஒரு நக்கல் சொல்லி, எதிலும் அகப்படாமல் வழுவிச் சென்றவனுக்காகத்தான் யாரும் திரும்பி வருவதில்லை. எள்ளலின் பெருங்கேடு பகை அன்று, ஒட்டாமையே.

மூன்றாவது, ஹாக்கின் தாய் கொடியவன் ஒருவனுக்கு இரையாகி மகனின் கையிலேயே உயிர் விடுகிறாள். நாம் எதைத் தேர்ந்தாலும் அவளைக் காப்பாற்ற இயலாது. கதை முழுதும் சிரித்துச் சிரித்துப் பேசிய ஹாக் அன்று வீட்டில் தனியே அமர்ந்திருக்கிறான். நெருங்கியவர் ஒருவர் ஆறுதல் சொல்ல வருகிறார். அங்கேதான் அந்த முகமூடிச் சின்னத்தின் பொருள் விளங்குகிறது. ஊரை இழந்தவன், உடன்பிறந்தாரை இழந்தவன், இப்போது தாயையும் இழந்தவன் அல்லவா அவன்! அத்தனை நாள் அவன் சிரித்தது சிரிப்பு வந்ததனாலா? அழுகை வராமலிருக்கவா?

இந்த உண்மையையே மற்றொரு விளையாட்டும் காட்டுகிறது. பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில் தலைமையகம் கொண்ட லாரியன் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' என்பது அது. அங்கே, தலைவன் ஒன்று செய்த மறுநொடியே, இன்ன தோழர் அதை ஒப்பினார், இன்னவர் ஒப்பவில்லை என்று திரையில் எழுதிக்காட்டப்படும். ஆஸ்டேரியன் என்று ஒரு தோழன். எளியவர்க்கு உதவினால் முகம் சுளிப்பான். எல்லாவற்றையும் ஏளனம் செய்வான். பொறுத்திருந்து பழகினால் தெரிகிறது, அவன் இருநூறு ஆண்டுகள் ஒரு கொடியவனுக்கு அடிமையாய்க் கிடந்தவன் என்பது. ஏளனம் அவன் அணிந்த கவசம். இன்னும் ஒன்று: அதே விளையாட்டில் பாணர்க்கு ஒரு மந்திரம் உண்டு. ஏளனச் சொல்லையே அம்பாக எய்வது. பட்டவனுக்கு உள்ளம் புண்படும், அடுத்து அவன் வீசும் வாள் குறிதவறும். திருமலைராயன்பட்டினத்தின்மேல் காளமேகப் புலவர் வசை பாட அவ்வூரில் மண்மாரி பெய்தது என்று கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. சொல்லுக்கு அடிக்கும் வலிமை உண்டு என்பதில் கீழ்நாடும் மேல்நாடும் ஒன்றுபடுகின்றன.

அப்படியானால் எள்ளலே கூடாதா? நான் அவ்வாறு சொல்ல வரவில்லை. எள்ளலற்ற தமிழ் உப்பற்ற சோறு. ஆனால் யாரை எள்ளுகிறோம் என்பதில் அறம் நிற்கிறது. நம் இலக்கியத்திலிருந்தே இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஒளவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதம் கொண்டான். மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளவென்று காவலுக்குள் இருந்தன அவன் வேல்கள். ஒளவையார் அவற்றைப் புகழ்ந்தார். தம் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி முனை முரிந்து எப்போதும் கொல்லன் உலைக்கூடத்திலேயே கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் நிற்கும் இந்தப் புகழ்ச்சியின் உள்ளே எத்தனை கூர்மை! எள்ளப்பட்டவன் யார்? படையுடைய வேந்தன். எள்ளியவர் யார்? படையில்லாப் புலவர். எதற்காக? தம் நண்பனைக் காப்பதற்காக. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனின் எதிரிலேயே அவனைக் கேலி செய்கிறான், மக்கள் மகிழ்கிறார்கள். அதுவும் இந்த மரபே.

மற்றொரு காட்சி அயோத்தியில். இளமைப் பருவத்து இராமன் விளையாட்டாகக் கூனியின் முதுகில் வில்லுண்டை எறிந்தான். அரண்மனைப் பிள்ளைக்கு அது ஒரு வேடிக்கை. அன்றே மறந்திருப்பான். கூனி மறக்கவில்லை. முடிசூட்டு விழாவுக்கு நகர் அணிசெய்யப்படும் நாளில் அந்தப் பழைய உண்டையையே அவள் நினைத்தாள் என்று கம்பர் பாடுகிறார். ஒரு மண்ணுருண்டை பதினான்கு ஆண்டு வனவாசத்துக்கு வித்தாயிற்று. எள்ளியவன் மன்னன் மகன். எள்ளப்பட்டவள் முதுகு வளைந்த பணிப்பெண். மேல்நோக்கி எறிந்த எள்ளல் ஒளவைக்குப் புகழ் தந்தது. கீழ்நோக்கி எறிந்த எள்ளல் அயோத்தியை அழவைத்தது.

இப்போது நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம்.

மகர்பட்டாவில் வளரும் தமிழ்க் குழந்தைக்குப் பள்ளியில் ஆங்கிலம், படிக்கட்டில் இந்தி, விளையாட்டுத் திடலில் மராத்தி. தமிழ் எங்கே? அம்மாவிடமும் அப்பாவிடமும், ஊரிலிருந்து வரும் பாட்டியிடமும் மட்டும். அந்தக் குழந்தை ஒரு நாள் பழத்தைப் 'பலம்' என்று சொல்கிறது. 'அக்கா வந்தான்' என்கிறது. விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், "அடடா! இது என்ன, மராத்தித் தமிழா?" என்கிறார். கூடம் முழுதும் சிரிப்பு. குழந்தையும் சேர்ந்து சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைக் கண்டு நாம் ஏமாந்து போகிறோம். அது முகமூடி. அடுத்த முறை அந்த உறவினர் தமிழில் கேட்டால் குழந்தை ஆங்கிலத்தில் விடை சொல்கிறது. அதற்கடுத்த முறை தலையை மட்டும் அசைக்கிறது. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்மேல் பற்றில்லை" என்று நாம் மேடையில் வருந்துகிறோம்! அந்தக் கதவு பள்ளியால் சாத்தப்பட்டதா, கணினியால் சாத்தப்பட்டதா? நம் சிரிப்பால் சாத்தப்பட்டது. இந்த விளையாட்டைப் போல ஒவ்வொரு நக்கலுக்கும் பிறகு சுவரில் எழுத்து ஓடி, 'உன் மகள் இதை ஒப்பவில்லை' என்று காட்டினால், நம்மில் எத்தனை பேர் வாயை அடக்கியிருப்போம்!

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கும் பாட்டியையும் தாத்தாவையும் எண்ணிப் பாருங்கள். ஊரில் அவர்கள் தெருவுக்கே பெரியவர்கள். இங்கே மின்தூக்கியில் ஏறினால் பேச மொழியில்லை; கைப்பேசியில் பணம் செலுத்தத் தெரியவில்லை; காவலாளி இந்தியில் கேட்டால் திகைக்கிறார்கள். "பாட்டிக்கு ஒன்றும் தெரியாது" என்று நண்பர்முன் நீங்கள் சிரித்துச் சொல்லும் சொல் மேல்நோக்கிய எள்ளலா, கீழ்நோக்கிய எள்ளலா? ஊரில் அவர் மேலிடத்தில் இருந்திருக்கலாம். இங்கே வலியவர் நீங்கள். வில் உங்கள் கையில் இருக்கிறது.

தகப்பன்மார்களே, அலுவலகத்தில் குழுவை நடத்துகிறீர்கள். வங்காளத்திலிருந்து ஒருவர், பஞ்சாபிலிருந்து ஒருவர், சோலாப்பூரிலிருந்து ஒருவர் என உங்கள் கீழ்ப் பணியாற்றுகிறார்கள். மதுரையில் சொன்னால் எல்லாரும் சிரிக்கும் சொல் மெரிலைப் போன்ற ஒருவருக்கு விளங்காமல் போகலாம். ஃபென்ரிஸைப் போன்ற ஒருவருக்குத் தழும்பில் படலாம். மேலதிகாரியின் எள்ளலுக்குக் கீழ்ப்பணியாளர் சிரிப்பது கடமை, மகிழ்ச்சி அன்று. திருப்பி எள்ள உரிமையில்லாதவரை எள்ளாதிருத்தலே ஆண்மை.

அதே சமயம், உங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் குத்தலாக விடை சொல்லும் ஒரு பிள்ளை இருந்தால், சினந்து அடக்குவதற்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். ஊர் மாறி, பள்ளி மாறி, மொழி மாறி வளரும் பிள்ளை அது. பழைய தோழரை விட்டு வந்திருக்கிறது. முகமூடியின் பின்னே என்ன இருக்கிறது என்று பார்க்கத் துணிந்த தோழர்கள்தான் ஹாக்குக்கு ஆறுதலாயினர். பிள்ளையின் எள்ளலுக்கு எதிர் எள்ளல் சொல்லி வெல்வது எளிது. அருகே சென்று அமர்வது அரிது. அரியதையே பெற்றோர் செய்ய வேண்டும்.

இறுதியாக ஒன்று. நான் கூறிய அந்தக் கதையை முழுதும் நமக்குச் சொல்பவன் யார் தெரியுமா? ஹாக் அல்லன். அவன் தோழனாகிய வாரிக். கதை தொடங்கும்போது ஹாக் அங்கே இல்லை. உசாவல் செய்யும் அதிகாரி ஒருத்தி வாரிக்கைப் பிடித்து இருக்கையில் அமர்த்தி, "உன் தலைவன் எத்தகையவன்? சொல்!" என்று கேட்கிறாள். அவன் சொல்லச் சொல்ல ஹாக் நம் கண்முன் உருவாகிறான். புனேயில் பிறந்த 'ராஜி'யின் கதையைத் துர்க்கையும் திருமாலும் சொல்வது போலவே, இங்கும் உடனிருந்தவர் வாயில் தலைவனின் பெயர் வாழ்கிறது. எவ்வளவு வேடிக்கையாகப் பேசினோம் என்று தலைவன் தானே எழுதி வைக்க முடியாது. உடன்வந்தவர் எதை நினைவில் வைத்தாரோ அதுவே அவன் வரலாறு.

நாமும் ஒருநாள் இந்த அவையில் இருக்க மாட்டோம். ஊர் விட்டு ஊர் வந்து இந்த மகர்பட்டாவில் தமிழை வைத்துக் காத்த தலைமுறை எத்தகையது என்று யாரேனும் கேட்பார்கள். விடை சொல்லப் போகிறவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்தச் செல்வங்கள். அவர்கள் எந்த மொழியில் அந்த விடையைச் சொல்வார்கள் என்பது, இன்றிரவு அவர்கள் ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.